பெரிய மடக்குக் கத்தியைக் கொண்டு சமைப்பது: தேர்வு முதல் தீட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு மடக்குக் கத்தியை வைத்துக்கொண்டு நான்கு பேருக்கான காய்கறிகளை நறுக்கிச் சமைத்து முடித்துவிட முடியும். முகாம்களிலும் நீண்ட பயணங்களிலும் படகுகளிலும், மழுங்கிய கத்தியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத விடுதி அறைகளிலும் பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் சமையலறைக் கத்தியைப் பிடிப்பதைப் போலவே அதையும் பிடித்து, அதே வீச்சில் வெட்டப் பார்ப்பவர்கள் சிறிது நேரத்திலேயே எரிச்சலடைந்து, கத்தி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அலகு மடங்கிக் கைப்பிடிக்குள் மறைந்தாக வேண்டும் என்பதுதான் இந்தக் கருவியின் எல்லா இயல்புகளுக்கும் மூல காரணம். அலகின் அகலம் கைப்பிடியின் அகலத்தைத் தாண்ட முடியாது. அதனால்தான் 20 செ.மீ. நீளமுள்ள சமையற்கத்தியின் அலகு 4.5 முதல் 5 செ.மீ. வரை அகலமாக இருக்கும்போது, பெரிய மடக்குக் கத்தியின் அலகு 2.5 செ.மீ., மிஞ்சினால் 3 செ.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. விரித்த நிலையில் கத்தியின் வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், கைப்பிடியின் அடிப்புறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைகின்றன. கைப்பிடியைச் சுற்றி விரல்களை மடக்கியதும் விரல் கணுக்கள் வாயைவிடத் தாழ்ந்துவிடுகின்றன. பலகையை வாய் தொடுவதற்கு முன்பே கணுக்கள் இடித்துக்கொள்ளும். இது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் மூட்டு: அலகு அசைவதும் அழுக்கு சேர்வதும் அங்கேதான், விபத்து நேர்ந்தாலும் பெரும்பாலும் அங்கிருந்துதான். கீழே சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைச் சமாளிப்பதற்கானவையே.

சமையலுக்கு ஏற்ற கத்தியைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய கத்தி என்றதும் நீளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 9 முதல் 12 செ.மீ. வரை அலகு நீளம் இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் ஒரு நடுத்தர வெங்காயத்தை ஒரே இழுப்பில் பிளக்க முடியாது. அதற்கு மேல் போனால் கைப்பிடியும் சேர்ந்து நீண்டு, சட்டைப்பையில் வைக்கும் கத்தி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. உண்மையில் நீளத்தைக் காட்டிலும் தடிமனே சமையலைத் தீர்மானிக்கிறது. கடும் வேலைகளுக்கென்று செய்யப்படும் மடக்குக் கத்திகளின் முதுகு 3 முதல் 4 மி.மீ. வரை தடித்திருக்கும். அத்தகைய அலகு தக்காளியையும் இறைச்சியையும் ஒழுங்காகத்தான் வெட்டும். ஆனால் காரட், உருளைக்கிழங்கு போன்ற விறைப்பான காய்களில் ஆப்பு இறங்குவதைப் போல இறங்கி, பாதியிலேயே காயைப் பிளந்துவிடும். முதுகு 2 மி.மீ. அளவில் இருந்து, அங்கிருந்து வாய் வரை சீராக மெலிந்துகொண்டே வரும் அலகுதான் சமையலுக்கு உகந்தது.

இந்தக் காரணத்தினாலேயே, விலையும் தோற்றமும் எளிமையாக இருந்தும் ஒப்பினெல் கத்திகள் சமையல் வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. பிரான்சின் சவாய் பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல் 1890-இல் உருவாக்கிய இந்த வடிவத்தில், கத்தியின் எண் அதன் அளவைக் குறிக்கிறது: 8-ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., 10-ஆம் எண்ணுக்கு 10 செ.மீ., 12-ஆம் எண்ணுக்கு 12 செ.மீ. சமையலுக்கு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் 10-ஆம் எண்ணைத்தான் சொல்வேன். 12-ஆம் எண் ரொட்டிக்கும் பெரிய காய்களுக்கும் வசதியானது என்றாலும், நுணுக்கமான வேலையில் கை சற்றுத் தடுமாறும். அலகின் அடிப்பகுதியைக் கைப்பிடிக்குக் கீழே சற்று இறக்கி அமைத்து, கணுக்கள் இடிக்கும் சிக்கலை ஓரளவு தீர்க்கும் கத்திகளும் உண்டு. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஸ்பைடிசெஃப் அந்த வகை.

எஃகைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. கார்பன் ஸ்டீல் எளிதில் தீட்டப்படும், மிகக் கூர்மையாகும், ஆனால் ஈரத்தில் சிறிது நேரம் விட்டாலே துரு பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படுவதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். கத்திகளில் பரவலாகப் பயன்படும் 12சி27 என்ற எஃகில் குரோமியம் சுமார் 13.5 சதவீதமும் கார்பன் சுமார் 0.6 சதவீதமும் உள்ளன. எலுமிச்சை, தக்காளி, உப்பு, கடல் காற்று ஆகியவற்றோடு தொடர்ந்து புழங்குபவர்களுக்கு இது போன்ற எஃகுதான் நிம்மதி. மூட்டுக்குள் சேரும் ஈரத்தை முழுவதும் துடைக்க முடியாது என்பதால், சமையலறைக் கத்தியைக் காட்டிலும் மடக்குக் கத்தியில் துரு எதிர்ப்புக்கு மதிப்பு அதிகம்.

விரித்த அலகு தானாக மடங்காமல் நிறுத்தும் பூட்டு இருக்க வேண்டும். ஒப்பினெல் கத்தியில் மூட்டைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் அலகு நிலைபெறும். 1955-இல் அறிமுகமான இந்த அமைப்பு பார்த்த மாத்திரத்தில் புரியும், கழுவவும் எளிது. கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக் வகையில், இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே திறந்த இடைவெளி இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறும், அதுவும் நல்லதே. கைப்பிடியின் முதுகுப்புறத்தில் நெம்பு அமைந்த பேக் லாக் உறுதியானதுதான், ஆனால் அதன் மூடிய குழியில் உணவுத் துணுக்கு தங்கிவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. ஜப்பானின் ஹிகோனோகாமி போலப் பூட்டே இல்லாமல், நெம்புமுனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் மரபான கத்திகளும் பழம் நறுக்க அருமையானவை. கோழியைத் துண்டு போட அவற்றை நாட வேண்டாம்.

அடிப்பகுதியில் பாதி தூரம் பல்வெட்டு இருக்கும் அலகைத் தவிர்க்கவும். காய் நறுக்கும்போது அந்தப் பகுதி கிழிக்குமே தவிர வெட்டாது. கறுப்புப் பூச்சு பூசிய அலகும் சமையலுக்கு வேண்டியதில்லை. தீட்டத் தீட்டவும் உரசலிலும் அந்தப் பூச்சு தேய்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கத்தியானாலும், உணவுக்கு என்று எடுத்தது உணவுக்கு மட்டுமே என்ற கட்டுப்பாடு வேண்டும். அட்டைப்பெட்டியும் கயிறும் மரக்குச்சியும் வெட்டிய கத்தியில் பசையும் மண்ணும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்கும் முன் உள்ளூர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் பொது இடத்தில் தக்க காரணமின்றி வைத்திருக்கக்கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத அலகு கொண்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. நாம் இங்கே பேசும் கத்தி அந்த வரம்புக்குள் வராது. விமானப் பயணத்தில் இதைக் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்.

முதல் பயன்பாட்டுக்கு முன்

புதிய கத்தியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அது உணவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அலகை விரித்து, பூட்டிய நிலையில், வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு மூட்டு உட்படக் கழுவி, நன்றாக உலர்த்தி, உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் ஒரு சொட்டை மூட்டில் விடவும். அதன்பிறகு பூட்டைச் சோதிக்க வேண்டும். விரல்கள் வாயின் பாதையில் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டிலிருந்து பிடித்து, அலகின் முதுகை ஒரு மரப் பலகையின் மேல் மிதமாக அழுத்திப் பார்க்கவும். பூட்டு சிறிதளவும் நழுவக் கூடாது. அலகு பக்கவாட்டில் ஆடினால் மூட்டுத் திருகை இறுக்கவும். இறுக்கியும் ஆடினால் அந்தக் கத்தி சமையலுக்கு வேண்டாம்.

பலகையும் கை நிற்கும் இடமும்

பலகை மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். கண்ணாடி, பீங்கான் தட்டு, கல், உலோகத் தட்டு ஆகிய எதன் மேலும் வெட்டக் கூடாது. மெல்லிய வாய் சில வெட்டுகளிலேயே மடங்கிவிடும். பயணத்துக்கு, சுருட்டி வைக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புப் பலகை உதவும் என்றாலும், மடக்குக் கத்திக்கு அதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், அதற்கு உயரம் இல்லை. கணுக்கள் இடிக்கும் சிக்கலுக்கு மிக எளிய தீர்வே பலகையின் உயரம்தான். 2 செ.மீ. தடிமனுள்ள பலகையை மேசையின் விளிம்போடு ஒட்டி வைத்து, வெட்ட வேண்டிய பொருளைப் பலகையின் வலது ஓரத்துக்கு அருகே வைத்துக்கொண்டால், அலகு மட்டும் பலகையின் மேல் இருக்கும். கைப்பிடியும் விரல்களும் பலகைக்கு வெளியே, காற்றில் நிற்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது ஓரத்தைப் பயன்படுத்த வேண்டும். தடித்த பலகை இல்லையென்றால், மெல்லிய பலகையைக் கவிழ்த்த தட்டு ஒன்றின் மேல் ஈரத்துணி விரித்து வைத்து உயர்த்திக்கொள்ளலாம். துணி இல்லாமல் வைத்தால் பலகை வழுக்கும்.

பிடியும் விசையின் திசையும்

சமையற்கத்தியில் அலகின் அடியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடிப்பது வழக்கம். மடக்குக் கத்தியில் அந்த இடத்தில் மூட்டுத் திருகும், அலகைத் திறப்பதற்கான குமிழும், பூட்டும் இருக்கின்றன. கிள்ளிப் பிடித்தால் தெரியாமலேயே பூட்டைத் தள்ளிவிடக்கூடும். ஆகவே கைப்பிடியை முழுக் கையாலும் பிடித்து, சுட்டுவிரலை மட்டும் அலகின் முதுகின் மேல் நீட்டி வைப்பதே நல்லது. மெல்லிய, துல்லியமான வெட்டுக்கு இந்தப் பிடி தரும் கட்டுப்பாடு வியப்பூட்டும். கட்டைவிரல், கைப்பிடியின் பக்கவாட்டில், பூட்டைத் தொடாமல் இருக்கட்டும்.

வாய் கீழ்நோக்கி வெட்டும்போது எழும் எதிர்விசை, அலகை மேலும் விரியச் செய்யும் திசையிலேயே தள்ளுகிறது. அதனால் சாதாரண வெட்டில் மூட்டுக்கு ஆபத்தில்லை. அலகை மடக்கும் விசை முதுகின் பக்கத்திலிருந்து வருவது. முனையை எதிலாவது குத்தி இறக்கும்போது, சிக்கிக்கொண்ட அலகை மேல்நோக்கி இழுக்கும்போது, முதுகால் எதையாவது தட்டும்போது அந்த விசை எழும். பூட்டு என்பது இந்தத் தருணங்களுக்கான காப்பு மட்டுமே. அதை நம்பி வேலையை அமைக்கக் கூடாது. சிக்கிய அலகை ஆட்டி இழுக்காமல், காயை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே போன வழியிலேயே நேராக வெளியே எடுக்க வேண்டும்.

காய்கறிகள்: வெங்காயத்தில் தொடங்கி

வெங்காயத்தை நறுக்கக் கற்றுக்கொண்டால் மற்ற காய்கள் தானாக வந்துவிடும். தலைப்பகுதியை நீக்கிவிட்டு வேர்ப்பகுதியை விட்டுவைக்கவும். வெங்காயத்தைப் பலகையின் வலது ஓரத்தில் வைத்து, அலகின் அடிப்பகுதியை மேலே பதித்து, உங்களை நோக்கி நீளமாக இழுத்தபடியே கீழிறக்கிப் பிளக்கவும். அழுத்தித் தள்ள வேண்டாம், இழுப்பே வெட்டும். தோலை உரித்து, பாதியைத் தட்டைப்புறம் கீழே இருக்குமாறு, வேர் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வைக்கவும். இப்போது கைப்பிடியை உயர்த்தி, முனையை வேருக்கு ஒரு விரல் முன்பாகப் பலகையைத் தொடுமளவு இறக்கி, அப்படியே உங்கள் பக்கமாக இழுக்கவும். கைப்பிடி உயர்ந்திருப்பதால் கணுக்கள் எங்கும் இடிக்காது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் இப்படி வரிசையாகக் கீறிக்கொண்டே போனால், வேர்ப்பகுதி எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சமையற்கத்தியில் கிடைவெட்டு ஒன்றும் போடச் சொல்லித் தருவார்கள். வெங்காயம் இயல்பாகவே அடுக்கடுக்காக இருப்பதால் அது இல்லாமலே துண்டுகள் சிறிதாக வரும், கைப்பிடி தடித்த கத்தியில் அந்தக் கிடைவெட்டு ஆபத்தானதும்கூட. கடைசியாக வெங்காயத்தை ஒரு கால்வட்டம் திருப்பி, குறுக்குவாக்கில், மீண்டும் முனையிலிருந்து இழுத்து இழுத்து நறுக்கவும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்நோக்கி மடிந்திருக்க வேண்டும். அலகு குறுகியது என்பதால் கணுக்களைச் சுவர் போல அலகோடு உரசவிடும் பழக்கத்தை இங்கே கைவிட்டு, விரல்களைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளவும். மழுங்கிய கத்தி வெங்காயத்தின் செல்களை நசுக்கி அதிகச் சாற்றை வெளியேற்றும். கண் எரிச்சல் திடீரென்று கூடினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சமையற்கத்தியை முன்னும் பின்னும் ஊசலாட்டிப் பொடிப்பொடியாக நறுக்கும் முறை இங்கே எடுபடாது. வாயின் வளைவு குறைவு, அலகின் அகலமும் குறைவு. கீரையையும் மூலிகை இலைகளையும் இறுகச் சுருட்டி, மெல்லிய இழைகளாக ஒரே முறை இழுத்து நறுக்கினால் போதும். திரும்பத் திரும்பக் கொத்தினால் இலை நசுங்கிக் கறுத்துப்போகும்.

காரட்தான் தடித்த அலகுக்கு உண்மையான சோதனை. முதலில் நீளவாக்கில் ஒரு மெல்லிய சீவலை எடுத்துவிட்டு, அந்தத் தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்தால் காய் உருளாது. பிறகு நேர்க்குறுக்காக வெட்டாமல் சாய்வாக, முனையிலிருந்து இழுத்து வெட்டவும். அப்படியும் சடாரென்று பிளந்தால், பாதி ஆழம் வரை கீறி, காரட்டைத் திருப்பி, எதிர்ப்புறத்திலிருந்து மீதியை வெட்டவும். உருளைக்கிழங்கில் பிளவு குறைவு, ஒட்டுதல் அதிகம். அலகை அவ்வப்போது தண்ணீரில் நனைத்துக்கொண்டால் துண்டுகள் எளிதில் விடுபடும். பெரிய கத்தியால் கிழங்கின் தோலைக் கையில் வைத்துச் சீவுவது பார்க்க அழகாக இருந்தாலும், கட்டைவிரலை நோக்கி வரும் 10 செ.மீ. வாயை எல்லா நேரமும் கண்காணிக்க முடியாது. கிழங்கைப் பாதியாக வெட்டிப் பலகையில் நிறுத்தி, மேலிருந்து கீழாகத் தோலைச் சீவி எடுப்பதே பாதுகாப்பு. தக்காளிக்கு முனையால் தோலில் ஒரு சிறு துளை போட்டு அங்கிருந்து இழுத்தால் போதும்.

முட்டைக்கோஸ் முழுதாக இருந்தால் எந்த மடக்குக் கத்தியும் அதன் குறுக்களவை எட்டாது. அடித்தண்டைச் சுற்றிக் கூம்பாகக் கீறி எடுத்துவிட்டு, இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நான்கைந்தை ஒன்றாகச் சுருட்டி நறுக்குவது வேகமானதே.

பூசணியின் விஷயம் வேறு. விபத்து நேர்வதற்கு எல்லா வாய்ப்பும் உள்ள காய் அது: தோல் கெட்டி, உருண்டை வடிவம், உள்ளே வெற்றிடம். முனையைக் குத்தி இறக்கி நெம்புவது, முதுகின் மேல் கட்டையால் தட்டி இறக்குவது ஆகிய இரண்டும் மூட்டை நேரடியாகத் தாக்கும். காயை ஈரத்துணி வளையத்தின் மேல் அசையாமல் வைத்து, சுற்றிலும் 1 செ.மீ. ஆழத்துக்கு ஒரு கோடு கீறவும். அதே கோட்டில் மீண்டும் சுற்றி ஆழப்படுத்தவும். வாய் உள்ளிருக்கும் வெற்றிடத்தை எட்டியதும் கத்தியை வைத்துவிட்டு இரு கைகளாலும் பிரிக்கவும். அடுப்போ தணலோ வசதியாக இருந்தால், சில துளைகள் மட்டும் போட்டு முழுக் காயையும் சுட்டு மென்மையான பிறகு வெட்டுவது இன்னும் நல்லது.

பூண்டை நசுக்க அலகின் பக்கவாட்டில் குத்தும் வழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். அந்த அடி மூட்டைத் தளர்த்தும், அலகும் அதற்குப் போதிய அகலம் கொண்டதல்ல. குவளையின் அடிப்பக்கத்தால் நசுக்கலாம். இஞ்சித் தோலைக் கரண்டி முனை நன்றாகவே சுரண்டிவிடும். மடக்குக் கத்தியோடு ஒரு குவளையும் கரண்டியும் சேர்ந்தால் பாதி வேலை அவற்றுடையது.

இறைச்சியும் மீனும்

குறுகிய அலகும் கூரிய முனையும் எலும்பு நீக்கும் வேலைக்கென்றே அமைந்தவை. இங்கே மடக்குக் கத்தி சமையற்கத்தியையே முந்தக்கூடும். ஒரு கோழியைப் பிரிக்க, தொடைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தோலை மட்டும் கீறி, தொடையை வெளிப்புறமாக மடக்கினால் மூட்டெலும்பு தானாக வெளியே எழும். அந்தப் பந்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட குருத்தெலும்பில் முனையை ஓட்டினால் தொடை கழன்றுவிடும். இறக்கைக்கும் இதே வழி. கத்தி எங்கேயாவது தடுத்து நின்றால் அங்கே எலும்பு இருக்கிறது என்று பொருள். அழுத்தாமல் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பார்க்கவும். எலும்பை வெட்டவே கூடாது.

இந்த வேலையில் கொழுப்பும் ஈரமும் கையில் சேரும். மடக்குக் கத்தியின் கைப்பிடிக்கு முன்தடுப்பு சிறியது, பலவற்றில் அதுவும் இல்லை. வழுக்கும் கை முன்னோக்கி நழுவினால் நேராக வாயின் மேல்தான் போகும். ஒரு கை இறைச்சிக்கு, மறு கை கத்திக்கு என்று பிரித்துக்கொண்டு, கத்தி பிடித்த கையால் இறைச்சியைத் தொடாமலேயே வேலையை முடிப்பது சிறந்த ஒழுங்கு. கைப்பிடியின் பிளவுக்குள் சாறு இறங்குவதையும் இது குறைக்கும்.

சிறு மீன்களைத் துப்புரவாக்க, வயிற்றில் முனையை மிக மேலோட்டமாக நுழைத்து, வாய் வெளிப்புறம் நோக்கியிருக்கத் தலைப்பக்கம் வரை கீறினால் குடல் உடையாது. செதிலை அலகின் முதுகால் உரசாமல் கரண்டியால் உரசவும், இல்லையென்றால் செதில்கள் மூட்டுக்குள் புகுந்துவிடும். முள் நீக்கிச் சதையைப் பிரித்தெடுக்கவும் முடியும். அலகு வளைந்து கொடுக்காது என்பதால் முள்ளோடு சிறிது சதை தங்கும், அதைக் குழம்பிலோ சூப்பிலோ போட்டுவிடலாம்.

ரொட்டி, பாலாடைக்கட்டி, அடுப்பருகே

மொறுமொறுப்பான ரொட்டியின் மேலோட்டில் முனையால் துளையிட்டு, பிறகு அலகின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, எடை போடாமல் ரம்பம் போல இழுக்க வேண்டும். கெட்டியான பாலாடைக்கட்டியை முதலில் சிறு கட்டிகளாக்கிக்கொண்டு, ஓரங்களிலிருந்து மெல்லியதாகச் சீவுவதுதான் வழி. நடுவில் இறக்கினால் அலகு சிக்கும். வாணலியில் இருப்பதைப் புரட்டவும் அடிப்பிடித்ததைச் சுரண்டவும் இந்தக் கத்தியைப் பயன்படுத்த வேண்டாம். கிருமி நீங்கும் என்று அலகைத் தீயில் காட்டுபவர்களும் உண்டு. சிவக்கும் அளவுக்குப் போக வேண்டியதே இல்லை, மெல்லிய வாய் அதற்கு வெகு முன்பே தன் பதத்தை இழந்து மென்மையாகிவிடும்.

கழுவுதல்: மூட்டைப் பற்றிய பகுதி

ஒரே கத்திதான் என்பதால் வேலையின் வரிசை முக்கியம். பச்சையாக உண்பவை முதலில், சமைக்கப் போகும் காய்கள் அடுத்து, பச்சை இறைச்சி கடைசியில். இறைச்சியை வெட்டிய பிறகு அதே கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டியிருந்தால், இடையில் துணியால் துடைப்பது போதாது. முழுக் கழுவல் வேண்டும். சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் பச்சைக் கோழியிலிருந்து இந்த வழியாகத்தான் சாலட்டுக்குப் போகின்றன.

இறைச்சிச் சாறு அலகில் படிந்த நிலையில் கத்தியை மடக்கவே கூடாது என்பது முதல் விதி. மடக்கினால் அந்தச் சாறு கைப்பிடியின் உட்குழியில் பூசப்படும். அடுத்த முறை சுத்தமான அலகை விரித்தாலும் அது அந்தக் குழியைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே வரும். விரித்துப் பூட்டிய நிலையிலேயே, முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மூட்டிலிருந்து முனைப்பக்கமாக வெந்நீரை ஓடவிடவும். சோப்பு தொட்ட பழைய பல்துலக்கியால் அலகின் அடிப்பகுதியையும் பூட்டின் இடுக்கையும் உட்குழியையும் தேய்க்கவும். பல்குத்தும் குச்சியின் முனையில் ஈரத்துணி நுனியைச் சுற்றி மூட்டின் இரு பக்கங்களிலும் ஓட்டிப் பாருங்கள். சுத்தமாகத் தெரிந்த கத்தியிலிருந்தும் கறுத்த பிசுக்கு வெளியே வருவதைக் காணலாம். துணி வெள்ளையாக வெளிவரும் வரை அதைத் தொடர வேண்டும்.

இறைச்சி வேலைக்குப் பிறகு கிருமிநீக்கமும் தேவை. கைப்பிடி உலோகமாகவோ தண்ணீரைத் தாங்கும் கண்ணாடி இழைப் பொருளாகவோ இருந்தால், 77 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 30 விநாடிகள் மூழ்கவைக்கலாம். எஃகின் பதம் இந்த வெப்பத்தில் கெடாது. மரக் கைப்பிடியை மூழ்கவைத்தால் மரம் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும், சில நேரங்களில் அலகைத் திறக்கவே முடியாது. அத்தகைய கத்தியில், கைப்பிடியில் படாமல் அலகின் மேல் மட்டும் கொதிநீரை ஊற்றவும். என் கருத்தில் மரக் கைப்பிடிக் கத்தியைப் பச்சைக் கோழிக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. காய், பழம், ரொட்டி ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். குளோரின் கலந்த பிளீச் கரைசல் துருப்பிடிக்காத எஃகில்கூடப் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும் என்பதால் கத்திக்கு அதைத் தவிர்க்கவும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கழுவியதும் துடைத்து, விரித்த நிலையிலேயே காற்றில் உலரவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, பலமுறை மடக்கி விரித்து, மிகுந்ததைத் துடைக்கவும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்ட வாடை வீசும். இயந்திரங்களுக்கான எண்ணெய் உணவுக்கு உகந்ததல்ல. கார்பன் ஸ்டீல் அலகுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பும் தேவை. அந்த அலகு வெங்காயமும் பழங்களும் பட்டுப் பட்டுச் சாம்பல், நீலம், கறுப்பு எனத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அந்தப் படலம் துருவைத் தடுக்க உதவுவது, அதைத் தேய்த்து நீக்க வேண்டாம். செம்பழுப்பு நிறத்தில் பொடியாக உதிர்வது மட்டுமே துரு. அதைப் பேக்கிங் சோடாக் குழைவால் தேய்த்து எடுத்துவிடலாம். படலம் படியாத புதிய கார்பன் அலகால் எலுமிச்சையை வெட்டினால் உலோகச் சுவை ஏறும், சில வாரப் புழக்கத்தில் அது மறையும்.

தீட்டுதல்

கடையிலிருந்து வரும் பல மடக்குக் கத்திகளின் வாய் பக்கத்துக்கு 20 டிகிரி அளவிலோ அதற்கு மேலோ தீட்டப்பட்டிருக்கும். கயிறும் மரமும் வெட்ட அது சரி. உணவுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டால் பக்கத்துக்கு 15 டிகிரியாகக் குறைக்கலாம். ஒரே கத்தியில் இந்த ஒரு மாற்றம் தரும் வேறுபாட்டைப் புதிய கத்தி வாங்கினாலும் பெற முடியாது.

1000 எண் கொண்ட சாணைக்கல்லை நனைத்து, ஈரத்துணியின் மேல் வைக்கவும். அலகைப் பூட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, முதுகைச் சற்றே உயர்த்திப் பிடிக்கவும். அலகின் அகலம் 2.5 செ.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 6.5 மி.மீ. உயரத்தில் நின்றால் அது 15 டிகிரி. அந்தக் கோணம் மாறாமல் அடியிலிருந்து முனை வரை, வளைவு வருமிடத்தில் கைப்பிடியை மெல்ல உயர்த்தியபடி, இழுத்துத் தீட்டவும். மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாயின் பக்கமாக, ஒருபோதும் வாயின் நீளத்தில் அல்லாமல், லேசாகத் தடவினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். இரு பக்கமும் முடிந்தபின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றிச் சில இழுப்புகள், கடைசியில் தோல் வாரிலோ பழைய நாளிதழிலோ முதுகு முன்செல்லுமாறு சில இழுப்புகள். தக்காளித் தோலின் மேல் கத்தியை அதன் எடையோடு மட்டும் வைத்து இழுத்தால் அது இறங்க வேண்டும். வழுக்கினால் பிசிறு இன்னும் மிச்சமிருக்கிறது.

பயணத்தில் கல் இல்லையென்றால் பீங்கான் குவளையைக் கவிழ்க்கவும். அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதன் மேல் பக்கத்துக்குப் பத்து லேசான இழுப்புகள் போட்டால் இரண்டு மூன்று வேளைச் சமையலுக்கான கூர் திரும்பிவிடும். வளையத்தில் படியும் சாம்பல் நிறக் கோடு அலகிலிருந்து வந்த எஃகுத் துகள். அதே துகள் அலகிலும் ஒட்டியிருக்கும் என்பதால், உணவைத் தொடும் முன் அலகை ஈரத்துணியால் முதுகின் பக்கமிருந்து துடைத்து ஒருமுறை கழுவிவிட வேண்டும், குவளையையும்தான்.